மூன்றாவது ரக்அத்

எங்கள் குடும்பம் முழுவதுமாகச் சேர்ந்து போன ஒரேயொரு சுற்றுலா தந்திரிமலைக்குத்தான். அதை ஏற்பாடு செய்தவள் நான். இன்றைக்கும் என்னோடு கோபம் வந்தால் நானா, என் அண்ணன், அதைத்தான் முதலில் எடுப்பார். "நீ அண்டைக்கு எங்களைக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா..." என்று தொடங்குவார். மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இருக்கமாட்டேன், எழும்பிப் போய்விடுவேன்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். புத்தளத்தின் மதுரங்குளியிலிருந்து கனமூலைக்குப் போகும் பக்கத்தில், எங்களைப்போல் வந்தவர்கள் குடியிருந்த ஒரு குடியேற்றத்தில் இருந்தோம். மன்னாரின் முசலிப் பக்கம் எங்கள் ஊர். துவக்கோடு வந்தவர்கள் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வந்த சனம் நாங்கள். அப்போது எனக்கு ஆறு வயது, நானாவுக்குப் பத்து. இருபது வருடத்துக்குப் பிறகு நான் அந்தப் பகுதிப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். நானா வேன் ஓடினார். வாப்பா மட்டும் அப்படியே இருந்தார். ஊரில் அகத்திமுறிப்புக் குளத்துக்குக் கீழே சொந்த வயலில் நெல் விதைத்தவர், இங்கே பிறத்தியாரின் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் கட்டினார்.

வீட்டுக்குச் சீமெந்துத் தரை போட அவர் விடவில்லை. கூரைக்கு ஓடு போடவும் விடவில்லை. "போற ஆக்களுக்கு என்னத்துக்கு ஓடு?" என்பார். மாரி வந்தால் உம்மா கிடாரம், சட்டி, பேசின் எல்லாவற்றையும் ஒழுக்குக்கு அடுக்கிவைப்பார். நானும் நானாவும் புத்தளத்துப் பிள்ளைகளைப்போல் 'இருக்கு' என்பதற்கு 'ஈக்கிது, ஈக்கிது' என்று கதைக்கத் தொடங்கியபோது வாப்பா மனம் நொந்துபோனார். "பேச்சையும் இஞ்ச குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் படிவம் வந்தது. ஊருக்குத் திரும்ப விரும்புகிற குடும்பங்கள் பெயர்களை எழுதிக் கிராம சேவகரிடம் கொடுக்க வேண்டும். பெயர் எழுதினால் வாக்கும் பதிவும் அங்கே போகும், ஆளும் போக வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். வாப்பா அதை அலுமாரிக்குள் வைத்திருந்தார். அதில் நாலு பெயரும் எழுதப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் போக விருப்பமில்லை. என் வேலை இங்கே, சிநேகிதிகள் இங்கே, எனக்கு நினைவிருக்கும் வாழ்க்கை முழுவதும் இங்கே. ஆனால் என்னுடையதைச் சொல்லி உம்மாவுடையதை மறைக்கக்கூடாது. உம்மாவுக்குத்தான் உயிர் போகிற விஷயம்.

வந்த இரண்டாம் வருடம் முகாமிலே ஒரு தம்பி பிறந்தான். மூன்று வயதில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். இங்குள்ள மையவாடியில்தான் அடக்கினோம். எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆகவே உம்மா அவனுடைய கபுறைக் கண்ணால் கண்டதில்லை. மதிலுக்கு மேலால் தெரியும் ஒரு வேப்பமரத்துக்குக் கிட்ட என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அந்த வழியால் போகும்போதெல்லாம் மரம் கடக்கும்வரை ஓதுவார். அவ்வளவுதான் அவருக்கும் பிள்ளைக்கும் மிஞ்சியது. படிவத்தைப் பற்றிக் கேட்டால், "அவர் எங்கயோ அங்கதானே நானும்" என்பார். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போவார். அந்தப் பதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து சொல்லுங்களேன் உம்மா என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

ஞாயிற்றுக்கிழமை நானாவின் வேனுக்கு ஓட்டம் இல்லை. வாப்பாவை ஒரு நாளைக்கு அந்த அலுமாரிக்குக் கிட்ட இருக்கவிடாமல் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவோம், மனம் இளகினால் கதைப்போம் என்று திட்டம் போட்டேன். தந்திரிமலை நான் படிப்பிக்கிற பாடத்தில் இருந்தது. கல்லில் வெட்டிய புத்தர் சிலைகள், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு துறவிகள் இருந்த குகைகள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தை நானே கண்டதில்லை. "குகையப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று வாப்பா கேட்டார். ஆனாலும் வந்தார். பிள்ளைகள் கேட்டால் அவர் மறுக்கிறவர் அல்ல.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். உம்மா பாணும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டார். புத்தளம் தாண்டி, நொச்சியாகமை தாண்டி, அனுராதபுரத்தில் தேத்தண்ணி குடித்து, காட்டு வழியால் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வந்திருந்தார்கள். பாறைக்கு ஏறும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம். காவல்காரர் ஒருவர் வாப்பாவின் தலையைக் காட்டி ஏதோ சொன்னார். தொப்பியையும் எடுக்க வேண்டுமாம். எனக்கு மூக்குநுனியில் கோபம் வந்துவிட்டது. நானா சிங்களத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாப்பா தொப்பியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"அவங்கட இடம், அவங்கட மரியாதை. இதில என்ன கதை?" என்றார்.

அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

பாறை கொதித்தது. சிலைகளை வாப்பா தூரத்தில் நின்று பார்த்தார். குகைகளில்தான் அவர் கண் பதிந்தது. பெரிய பாறையொன்று முன்னுக்குச் சரிந்து நிற்க, அதன் கீழே கல்லைப் பலகைபோல் அறுத்துச் சுவராக நிறுத்தி, வாசல் விட்டு, ஒரு வீடு மாதிரியே செய்திருந்தார்கள். வாப்பா உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பாறையின் நெற்றியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒடுங்கிய பள்ளமாக ஒரு காடி வெட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு மகள்?"

"மழைத் தண்ணி பாறையால வழிஞ்சு உள்ளுக்கு வராம, அந்தக் காடியோட வெளியில சொட்டிப் போறதுக்கு."

வாப்பா கையை உயர்த்தி அதைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை. "உளியால... எத்தன நாள் வெட்டியிருப்பாங்க," என்றார். "இவங்க போற ஆக்கள் இல்ல. இருக்கத்தான் வந்திருக்காங்க."

உம்மா எனக்குப் பின்னால் நின்றார். "துறவி எண்டா எல்லாத்தையும் விட்டவங்களாம். அவங்களே ஒழுகாம இருந்திருக்காங்க. எனக்கு இருபது வருசமா ஒழுகுது," என்றார். நானா சிரித்துவிட்டார். வாப்பாவும் சிரித்ததுபோல் இருந்தது. நான் சிரிக்கவில்லை. உம்மா அப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குகைகளின் நெற்றியில் எழுத்து வெட்டும் வழக்கத்தையும் சொன்னேன். இன்ன ஆள் கொடுத்த குகை, இன்னாருக்குக் கொடுத்தது என்று பேரைப் போட்டிருப்பார்கள் என்றேன். வாப்பா தலையாட்டினார்.

"காணி உறுதிப் பத்திரம் மாதிரி. என்ட உறுதியும் இருக்குத்தானே, பொலித்தீன் பையில சுத்தி. இஞ்ச உறுதி இருக்கு, ஆள் இல்ல. அங்க எனக்கும் அப்படித்தான்."

அதற்குப் பிறகு அவர் எங்களை விட்டு முன்னுக்கு நடந்து உச்சிப்பக்கம் ஏறினார். அங்கே நின்றால் சுற்றிவரக் காடுதான். காட்டுக்கு நடுவே ஒரு வரிசை மரங்கள் மட்டும் கரும்பச்சையாய், உயரமாய், வளைந்து வளைந்து போயின. வயல்காரருக்கு அது போதும்.

"அதுல ஆறு ஓடுது. மருத மரம். என்ன ஆறு?"

"மல்வத்து ஓயா," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் வருடாவருடம் நான் கேட்கும் கேள்வி அது. மல்வத்து ஓயா மன்னாருக்கு வந்தால் அருவியாறு. பிள்ளைகள் எழுதினால் சரி போடுவேன். அது அகத்திமுறிப்புக் குளத்தை நிரப்பி என் வாப்பாவின் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஆறு என்பதை நான் ஒரு நாளாவது நினைத்திருந்தால் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேனா? படித்த மடைச்சி என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

பொய் சொல்லவும் முடியாது. "எங்கட அருவியாறு, வாப்பா," என்றேன்.

அவர் உடனே இறங்கினார். செருப்பைக்கூட நானாதான் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடினார். வேனில் ஏறி, ஆளிடம் வழி கேட்டு, விகாரைக்குத் தள்ளி ஆற்றங்கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. வாப்பா சாரத்தை மடித்துக்கட்டி நடு ஆற்றுக்கே போய்விட்டார். ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார். பிறகு அங்கேயே நின்று, தொழுகைக்கு முன் சுத்தம் செய்யும் உளுவைச் செய்தார். முகம் கழுவினாரா அழுதாரா என்று கரையிலிருந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை. அழுதார் என்று உம்மா சொன்னார்.

நண்பகல் தொழுகையான லுஹருக்கு நேரம் வந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழுகை ரக்அத்துக் கணக்கில் நடப்பது. நின்று, குனிந்து, தலையை நிலத்தில் வைத்து எழுந்தால் ஒரு ரக்அத். லுஹர் நாலு ரக்அத். ஆனால் ஊரை விட்டுத் தூரப் பயணம் போனவர் அதைக் கஸ்ர் என்று இரண்டாகச் சுருக்கித் தொழலாம். அது பயணிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை. போன இடத்தில் நாலு நாளுக்கு மேல் தங்குவதென்று மனதில் எண்ணி நிய்யத்து வைத்தால் சலுகை முடிந்துவிடும். இன்றோ நாளையோ காரியம் முடியும், முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று காத்திருப்பவருக்கு மட்டும் பதினெட்டு நாள்வரை உண்டு.

நாங்கள் புத்தளத்துக்கு வந்து ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தபோது ஆண்கள் எல்லோரும் இரண்டு இரண்டாகத்தான் தொழுதார்களாம். நாளைக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பு. பதினெட்டு நாள் எண்ணினார்கள். பத்தொன்பதாம் நாள் லுஹருக்கு முன்னுக்கு நின்று தொழுவித்தவர் வாப்பா. இரண்டு முடிந்து அவர் மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பியபோது பின்னால் நின்ற ஆம்பிளைகள் விம்மினார்கள் என்று உம்மா சொல்லியிருக்கிறார். அதோடு எங்கள் பயணம் முடிந்தது. நாங்கள் அந்த ஊரார் ஆனோம்.

அன்று ஆற்றங்கரையில் மருத மர நிழலில் பாயை விரித்தோம். விடியக் கிளம்பிய வீடு நூறு மைலுக்குக் கிட்டத் தூரம். ஆகவே இரண்டு ரக்அத், யாருக்கும் சந்தேகம் இல்லை. வாப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். வலப்பக்கம் சற்றுப் பின்னே நானா. அதற்குப் பின்வரிசையில் உம்மாவும் நானும். நாங்கள் தொழ முகம் வைக்கும் திசையான கிப்லாவுக்கு நேரே ஆறு வளைந்து காட்டுக்குள் போனது. பிற்பாடு வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்துப் பார்த்தேன், அந்தத் திசையில்தான் எங்கள் ஊரும் இருக்கிறது.

இரண்டு ரக்அத் முடிந்து இருப்பில் இருந்தோம். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுப்பார் என்று முகத்தைத் திருப்ப நான் தயாராக இருந்தேன்.

"அல்லாஹு அக்பர்," என்று வாப்பா எழும்பினார்.

மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். நானாவின் முதுகு ஒரு கணம் தயங்கியது, பிறகு அவரும் எழும்பினார். முன்னால் நிற்பவர் நாலும் தொழுதால் பின்னால் நிற்பவரும் நாலும் தொழ வேண்டும், அதுதான் சட்டம். நானும் எழும்பினேன். எழும்பும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இது மறதி இல்லை. இந்த ஆற்றங்கரையில் தான் பயணி இல்லை என்று மனிதர் சொல்கிறார். நாலு பெயரும் படிவத்தில் ஏறிவிட்ட மாதிரிதான். நானும் கை கட்டிக்கொண்டேன். மனதால் நான் உம்மாவின் பக்கம், ஆனால் வாப்பாவுக்குப் பின்னால் எழும்பி நின்றுவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உம்மா எழும்பவில்லை.

பக்கத்தில் துணி அசையும் என்று பார்த்தேன், அசையவில்லை. இருந்த இடத்திலேயே அவர் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பிச் சலாம் கொடுத்துவிட்டார். வாப்பாவோடு வாழ்ந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவருக்குப் பின்னால் உம்மா எழும்பாமல் இருந்தது அதுதான் முதல் தரம்.

தொழுகை முடிந்து வாப்பா திரும்பினார். நானா மெதுவாக, "வாப்பா, மறந்துட்டீங்களா? கஸ்ர்தானே?" என்றார்.

"மறக்கல்ல. என்ட ஆத்துக்குப் பக்கத்தில நிண்டு எப்படி நான் பயணியெண்டு நிய்யத்து வைக்கிறது?" பிறகுதான் உம்மாவைக் கண்டார். "ஏன் புள்ள, ஏலாதா? தலச்சுத்தா?"

"எனக்கு ஒண்டும் இல்ல. எனக்கு ரெண்டுதான்," என்றார் உம்மா.

"பின்னால நிண்டுட்டு இடையில விட்டா அது கூடாதுதானே?"

"கூடாதெண்டு தெரியும். திருப்பித் தொழுறன். நாலும் தொழுறன். ஆனா அந்தப் படிவத்தில என்ட பேர எழுதாதீங்க."

உம்மா பாயை விட்டு எழும்பவில்லை. குரலும் உயரவில்லை.

"நான் இஞ்ச பயணத்தில வந்தவ. என்ட வீடு மதுரங்குளிக்குப் பக்கத்தில, ஒழுகிற வீடு. என்ட புள்ள அங்க கிடக்கிறான். அவன அந்த மண்ணுக்குள்ள தனிய விட்டுட்டு என்ன எந்த வயலுக்கு வரச் சொல்றீங்க? நீங்க ஒரு நாள் கேட்டீங்களா, உனக்கு ஏலுமா எண்டு?"

வாப்பா பாயின் ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லது.

"அவனக் கபுறுக்குள்ள எறக்கினது நான்," என்றார். "இந்தக் கையாலதான். நீ காணல்ல. நான் ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அந்த மதிலத் தாண்டித்தான் போறன். அவன் அங்க கிடக்கிறபடியாத்தான் எனக்கு அங்க இருக்க ஏலாது."

இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு இருந்தவர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு பேரும் கதைத்து அன்றுதான் கேட்டேன். ஒருவர் தங்குவதற்குச் சொன்ன காரணமும் மற்றவர் போவதற்குச் சொன்ன காரணமும் ஒன்றுதான். ஒன்றுதான் என்றபடியால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

உம்மா எழும்பி நாலு ரக்அத்தையும் திருப்பித் தொழுதார். வாப்பா காத்திருந்தார். பிறகு பாணைப் பிய்த்துச் சம்பலோடு சாப்பிட்டோம். உம்மா வழக்கம்போல் வாப்பாவுக்குத்தான் முதலில் வைத்தார்.

மறுநாள் காலையில் வாப்பா படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "உன்ட கையெழுத்து வடிவு, நீ நிரப்பு," என்றார். அவருடைய பெயரை எழுதினேன். அதற்குக் கீழே குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இருந்தது. பேனை அங்கே நின்றுவிட்டது. உம்மா கதவடியில் நின்றார்.

"ஒண்டு எண்டு போடு," என்றார் வாப்பா.

"வாப்பா..."

"போடு மகள். அவவுக்கு ஏலாது. எனக்கும் ஏலாது. ரெண்டு பேரும் ஒரே இடத்தில ஏலாமக் கிடந்தது போதும்."

மூன்று கிழமையில் அவர் போனார். ஒரு சாக்கு, ஒரு மண்வெட்டி, பொலித்தீன் பையில் உறுதி. காடு மூடிய வயலை வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டு ஒரு கொட்டிலில் இருக்கிறார் என்று அங்கே போய் வந்தவர்கள் சொன்னார்கள். உம்மா நானாவைப் பிடித்து வீட்டுக்கு ஓடு போடுவித்தார். தரைக்குச் சீமெந்தும் போட்டோம். வீடு நன்றாயிருந்தது. அந்த வருடம்தான் உம்மா மெலியத் தொடங்கினார்.

ஒன்றரை மாதம் கழித்து வாப்பா வந்தார். இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவதற்கு. கறுத்துப்போயிருந்தார், கை முழுக்க முள் கீறல். புதுத் தரையைக் காலால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றார். உம்மா இறால் சமைத்தார். வாப்பா விருந்தாளிபோல் கதிரை நுனியில் இருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. லுஹருக்கு நானா பாய் விரித்தார், வாப்பா முன்னால் நின்றார், உம்மாவும் நானும் பின்னால்.

இரண்டு ரக்அத் முடிந்தது. வாப்பா சலாம் கொடுத்தார்.

பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் ஒரு மனிதன் பயணியா என்று நானா பிறகு சண்டைக்குப் போனார். வாப்பா அதை அங்குள்ள மௌலவியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாராம். எது உங்கட ஊரென்று நீங்கதான் சொல்லவேண்டும் என்று மௌலவி சொன்னாராம்.

பயணி தொழுவித்தால், சலாம் கொடுத்த கையோடு பின்னால் நிற்கும் ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவும் எங்களில் ஒரு முறை. வாப்பா திரும்பி உம்மாவைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க 'புள்ள, புள்ள' என்று ஒருமையில் கூப்பிட்டவர், பள்ளிவாசலில் தெரியாத ஆட்களிடம் சொல்வதைப்போல மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க பூரணமாத் தொழுங்க. நான் பயணி."

உம்மா எழும்பி மற்ற இரண்டையும் தனியே தொழுதார்.